விசுவாசத்தால் வரும் நீதி: வரிசையை மாற்றிப் படிக்காதீர்கள்

அப்போஸ்தலன் பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தைப் படித்துவிட்டு, அவர் நல்லொழுக்கத்துக்கே எதிரானவர் என்று நினைத்துக்கொள்வது பலர் செய்யும் தவறு. அவர் எதிர்த்தது வேறு. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட புறஜாதியாரிடம் (யூதரல்லாதவரிடம்) சிலர் வந்து, ‘விருத்தசேதனம் (நுனித்தோலை அகற்றும் யூதச் சடங்கு) செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் நீங்கள் ஆபிரகாமின் பிள்ளைகள்’ என்று வற்புறுத்தினார்கள். அந்த ‘அப்போதுதான்’ என்ற சொல்லைத்தான் பவுலால் பொறுக்க முடியவில்லை.

சரி, ஆபிரகாமையே பார்ப்போம். அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக (தேவனுக்கு முன்பாகச் சரியானவர் என்ற நிலையாக) எண்ணப்பட்டது என்று சொல்வது ஆதியாகமம் 15-ம் அதிகாரம். அப்போது அவருடைய மகன் இஸ்மவேல் பிறக்கவே இல்லை. அவன் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. விருத்தசேதனம் நடந்தபோது 99. இடையில் 13 வருஷங்களாவது இருக்கின்றன. மோசே மூலம் வந்த சட்டமான நியாயப்பிரமாணமோ, ஆபிரகாமுக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷங்களுக்குப் பிறகு வந்தது என்கிறார் பவுல். ஏற்கெனவே கிடைத்த நீதிக்கு விருத்தசேதனம் ஒரு முத்திரை, அவ்வளவுதான். இந்த வரிசை மனதில் பதியாவிட்டால் ஜெபம், உபவாசம், தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எல்லாமே தேவனிடம் நாம் கட்டும் கட்டணமாக மாறிவிடும்.

புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதிய யாக்கோபு, கிரியைகளினாலே ஆபிரகாம் நீதிமானாக்கப்பட்டார் என்று சொல்வதால் பவுலுக்கு எதிராகப் பேசுகிறார் என்பதும் இதே வரிசையைக் கவனிக்காததால் வருவதுதான். யாக்கோபு காட்டுவது ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த சம்பவத்தை. அது ஆதியாகமம் 22-ம் அதிகாரம். முதலில் விசுவாசம், வெகுகாலத்துக்குப் பிறகு அதன் கனி.

வாய் சரியாகப் பேசினால் போதும் என்று இருந்துவிடுவதும் ஆபத்து. அந்தியோகியா நகரில் இயேசுவின் சீடரான பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் கூடவே இழுபட்டார். பேதுரு தன் உபதேசத்தை மாற்றிக்கொண்டதாக எங்கும் இல்லை. பந்தியை விட்டு எழுந்ததுதான் குற்றம். யாரோடு சாப்பிட மறுக்கிறோம் என்பதிலேயே நம்முடைய நீதி எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பவுல் அதனால்தான் எல்லோர் முன்பாகவும் அவரைக் கண்டித்தார்.

நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயர் எல்லோரையும் வேஷக்காரர் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. ஒற்தலாமிலும் (புதினாவிலும்) சீரகத்திலும் தசமபாகம் கொடுத்தவர்களிடம் இயேசு அதை நிறுத்தச் சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்களே என்றுதான் கடிந்துகொண்டார்.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. வியாதியில் கிடக்கிறவரிடம் போய், ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். விசுவாசத்தையே அளந்து பார்க்கும் இன்னொரு பிரமாணமாக்கிவிட்டோம். விசுவாசம் என்பது பிச்சை வாங்க நீட்டிய கை. கை நடுங்கினாலும் கொடுக்கிறவர் கொடுக்கிறார். மாற்கு சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில், வேதனைப்படும் தன் மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன், ‘விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்’ என்று கண்ணீரோடு சத்தமிடுகிறார். இயேசு அவருடைய விசுவாசத்தை எடை போடவில்லை. பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான்.