டாம்பன் வைப்பதும் எடுப்பதும்

மாதவிடாய் உதிரத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் பஞ்சு உருளைதான் டாம்பன். அதை வைத்தால் உறுத்துகிறது, உட்காரவே முடியவில்லை என்பவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒரே தவறு: பயத்தில் பாதி வழியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். யோனியின் வாசலை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில்தான் தொடுவுணர்வு அதிகம். இறுக்கிப் பிடிக்கும் தசைகளும் அங்கேதான் இருக்கின்றன. அதைத் தாண்டி மேலே போய்விட்டால் டாம்பன் இருப்பதே தெரியாது. நடக்கும்போது தெரிகிறது என்றால் அது சரியான இடத்தில் இல்லை. எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள்.

முதலில் அளவு. பாக்கெட்டில் லைட், ரெகுலர், சூப்பர், சூப்பர் பிளஸ் என்றோ சிறு துளிப் படங்களாகவோ அச்சிட்டிருப்பது, எவ்வளவு உறிஞ்சும் என்பதைத்தான். அமெரிக்க விதிப்படி லைட் என்றால் 6 கிராம் வரை, ரெகுலர் 6 முதல் 9, சூப்பர் 9 முதல் 12, சூப்பர் பிளஸ் 12 முதல் 15 கிராம். குழந்தை பெற்றவர்களுக்குப் பெரியது, மணமாகாதவர்களுக்குச் சிறியது என்ற கணக்கெல்லாம் கிடையாது. அன்றைய உதிரப்போக்குக்குப் போதுமான மிகச் சிறியதுதான் சரியான அளவு. போக்கு குறைந்த நாளில் சூப்பர் வைத்தால், அது யோனியின் இயல்பான ஈரத்தையும் உறிஞ்சிவிடும். எடுக்கும்போது சுவரில் உராய்ந்து எரியும், சிறு கீறல்களும் விழும். நான்கைந்து மணி நேரம் கழித்து எடுத்தபோது பஞ்சில் பாதி வெள்ளையாகவே இருந்தால், அடுத்த முறை ஒரு படி சிறியதை எடுங்கள்.

முதல்முறை வைப்பவர்கள் போக்கு அதிகமுள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு அது இரண்டாம் நாள். ஈரம் இருப்பதால் எளிதாக வழுக்கிக்கொண்டு போகும். மாதவிடாய் இல்லாத நாளில் பழகிப் பார்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவவும் வேண்டாம். தேவைப்பட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும், நீரில் கரையும் ஜெல்லியை நுனியில் ஒரு துளி தடவினால் போதும்.

வைப்பதற்கு முன்னால் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். பலர் எடுத்த பிறகு மட்டும் கழுவுகிறார்கள். கிருமி உள்ளே போவது வைக்கும்போதுதான். உறை கிழிந்ததையோ ஈரம் பட்டதையோ பயன்படுத்த வேண்டாம். நூலை ஒருமுறை இழுத்து, உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்காரும் நிலையே இதற்கு நன்றாகப் பொருந்தும். வெஸ்டர்ன் என்றால் முழங்கால்களை அகட்டி உட்காருங்கள், அல்லது நின்றபடி ஒரு காலை மேலே தூக்கி வையுங்கள். ஒரு கையால் இதழ்களை விலக்கிக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் சிறுதுளை சிறுநீருக்கானது, அதற்குப் பின்னால் இருப்பதுதான் யோனி வாசல். இனி முக்கியமான விஷயம், கோணம். யோனி நேராக மேல்நோக்கிப் போவதில்லை. முதுகின் அடிப்பகுதியை நோக்கிச் சாய்ந்து போகிறது. நேராக மேலே தள்ளினால் முன்சுவரில் முட்டி வலிக்கும். இடுப்புக்குப் பின்னால் குறிவைத்து, மூச்சை வெளியே விட்டபடி தள்ளுங்கள். மூச்சை அடக்கினால் தசையும் இறுகிவிடும்.

அப்ளிகேட்டர், அதாவது உள்ளே தள்ள உதவும் குழாய், இல்லாத வகை என்றால், நூலைப் பிரித்துவிட்டு அடிப்பக்கத்தைக் கொஞ்சம் விரித்தால் விரல்நுனி பதியக் குழி கிடைக்கும். ஆட்காட்டி விரலோ நடுவிரலோ எட்டும் மட்டும் தள்ளுங்கள். அப்ளிகேட்டர் உள்ளதென்றால், வெளிக்குழாயைப் பிடித்திருக்கும் விரல்கள் உடலைத் தொடும்வரை உள்ளே விட்டு, உட்குழாயை முழுவதும் அழுத்திவிட்டு, இரண்டு குழாய்களையும் சேர்த்து வெளியே எடுத்துவிடுங்கள். குழாய் உள்ளே இருக்கக் கூடாது. எந்த வகையானாலும் நூல் வெளியே தொங்க வேண்டும்.

சிறுநீர் கழிக்க டாம்பனை எடுக்கத் தேவையில்லை, நூலை ஒதுக்கிப் பிடித்தால் போதும். நீச்சலுக்குப் பிறகு மாற்றிவிடுங்கள், நனைந்த நூல் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும்.

எடுக்கும்போது, வைத்த அதே சாய்வில் நூலை மெதுவாக இழுங்கள். வராமல் அடம்பிடித்தால் இன்னும் காய்ந்திருக்கிறது என்று பொருள். வைத்து எட்டு மணி நேரம் ஆகவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். காப்பர் டி போட்டிருப்பவர்கள் அதன் நூலையும் சேர்த்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்ததைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிவறைக்குள் போட்டால் ஊறிப் பெருத்துக் குழாயை அடைத்துவிடும்.

வைத்த 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். எட்டைத் தாண்டவே கூடாது. இரவில் அதைவிட அதிகம் தூங்குபவர் என்றால் நாப்கினே மேல். காரணம், பாக்டீரியாவின் நச்சால் வரும் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற நோய். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலருடைய உடலில் தொல்லையின்றியே வாழ்கிறது. இரத்தம் ஊறிய பஞ்சு, அதோடு உள்ளே போன காற்று, நீண்ட நேரம் எல்லாம் சேர்ந்தால், அது ஒரு நச்சை உருவாக்கக்கூடும். 1980இல் அமெரிக்காவில் இந்த நோய் அதிகமாகத் தென்பட்டபோது, மிக அதிகம் உறிஞ்சக்கூடிய ரிலை என்ற டாம்பன் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அளவைச் சிறிதாக வைக்கச் சொல்வது அதனால்தான். ஆர்கானிக் பருத்தி என்று போட்டிருந்தாலும் இந்த விதி மாறாது.

நோய் அரிதுதான், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றும். திடீரென 102 டிகிரி அளவுக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் கருகியதுபோல் தோல் சிவத்தல், தலைசுற்றல், மயக்கம். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாம்பனை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டாம்பன் வைத்திருந்தேன் என்று அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபுளூ என்றோ உணவு ஒவ்வாமை என்றோ நினைத்துவிடக் கூடாது. நச்சை எதிர்க்கும் சக்தி இன்னும் உருவாகாத பதின்வயதுப் பெண்களுக்கு ஆபத்து கூடுதல். ஒருமுறை வந்தவர்கள் மறுபடி டாம்பன் பயன்படுத்தவே கூடாது. பிரசவமான முதல் ஆறு வாரங்களிலும், வெள்ளைப்படுதலுக்காகவும் டாம்பன் வேண்டாம்.

டாம்பன் உள்ளே தொலைந்துவிடாது. மேலே கருப்பை வாயின் துளை அதை விட மிகமிகச் சிறியது. நூல் கிடைக்கவில்லை என்றால் குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்க முக்குவதுபோல் முக்கி, கழுவிய இரு விரல்களால் தேடுங்கள். இடுக்கி, கரண்டி எதுவும் வேண்டாம். எட்டவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மறந்துபோவது பெரும்பாலும் கடைசி நாளில் வைத்ததுதான். துர்நாற்றத்தோடு பழுப்பு நிறத்தில் வடிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

கன்னித்தன்மை போய்விடுமா என்பது அம்மாக்களின் கேள்வி. கன்னித்திரை வாசலை முழுக்க மூடிய துணி அல்ல. மாதவிடாய் வெளியேற அதில் திறப்பு இருக்கிறது. டாம்பனால் அது சற்று விரியலாம், சிலருக்கு லேசாகக் கிழியவும் செய்யலாம். ஆனால் கன்னித்தன்மைக்கு அந்தத் திரை அத்தாட்சியே இல்லை. சிலருக்கு அந்தத் திறப்பின் குறுக்கே கயிறு போல மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். சிறிய டாம்பன் உள்ளே போய்விடும், ஊறிப் பெருத்த பின் வெளியே வராது. அப்போது பலம்கொண்டு இழுக்காமல் மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தக் கயிற்றைச் சிறு அறுவையில் நீக்கிவிடலாம்.