பட்டினி கிடந்த உடம்புக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் உணவுக் கோளாறுள்ள (வேண்டுமென்றே பட்டினி கிடக்கும், அல்லது சாப்பிட்டு வாந்தியெடுக்கும் மனநோயுள்ள) பிள்ளைகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் தாதியரும் உளவளத் துணையாளரும் செய்யும் பிழைகள் இவை. நாங்களும் செய்தவைதான்.

முதல் நாளே அள்ளி ஊட்டுவது

பத்து நாளாகப் பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக இருந்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுகிறாள். வீட்டில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறார்கள். வார்டில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் திரவம் நரம்பு வழியே ஏறுகிறது. மத்தியானம் அம்மம்மா சோறும் மீன்குழம்பும் குழைத்து ஊட்டுகிறார். எல்லாம் அன்பில்தான். மூன்றாம் நாள் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, நாடி தாறுமாறாக ஓடுகிறது.

பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்துத்தான் பிழைக்கிறது. மாப்பொருள் திடீரென வந்ததும் இன்சுலின் கூடி, இரத்தத்திலுள்ள பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் கலங்களுக்குள் இழுத்துவிடும். பொஸ்பேட் குறைந்தால் இதயமும் மூச்சுத் தசையும் தளரும். தயமினும் (விற்றமின் B1) தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும்.

ஆகவே உணவுக்கு முன்பே தயமின்: நாளுக்கு 200 முதல் 300 மி.கி., முதல் 10 நாளும். தொடங்குமுன் இரத்தத்தில் அந்த மூன்று உப்புகளின் அளவையும் ஈசிஜியையும் பாருங்கள். பிறகு முதல் வாரம் தினமும் இரத்தப் பரிசோதனை. வளர்ந்தவர்களில் உடற்திணிவுச் சுட்டி (BMI) 16க்குக் கீழே போனாலே ஆபத்து. அத்தகையவர்களுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 கிலோகலோரியில் தொடங்கி, 4 முதல் 7 நாளில் உயர்த்துவது வழக்கம். சுட்டி 14க்குக் கீழென்றால் கிலோவுக்கு 5 கிலோகலோரி.

பயத்தில் அதே அளவிலேயே நிறுத்தி வைப்பதும் பிழை, நிறை இன்னும் இறங்கும். மிகுந்த ஆபத்தில் இல்லாத வளரிளம் பிள்ளைகளுக்கு, இரத்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்குமென்றால், நாளுக்கு 1400 கிலோகலோரியிலிருந்தே தொடங்கலாம்.

மெலிவை மட்டும் தேடுவது

சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் பிள்ளையின் நிறை சாதாரணமாக இருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் மொழியில் தழும்பு, காதடியில் வீக்கம், பல்லின் உட்பக்கத் தேய்வு ஆகியவற்றையும் தேடுங்கள். வாந்தியெடுத்த உடனே பல் துலக்கவிடாதீர்கள், கொப்பளித்தால் போதும்.

தாய்தகப்பனைக் குற்றவாளியாக்குவது

குடும்பவழிச் சிகிச்சையில் சாப்பாட்டுப் பொறுப்பு முதலில் அவர்கள் கையில்தான். அவர்களை வாசலில் நிற்கவைத்தால் மூன்று வேளையும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க ஆளில்லை.

‘இப்ப நல்லா உடம்பு வைச்சிட்டாய்’

சொல்லாதீர்கள். ‘கொழுத்திட்டாய்’ என்றே அவள் காதில் விழும்.

விரதத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவது

கந்தசஷ்டி 6 நாள், கேதார கௌரி 21 நாள், பிறகு நோன்பு மாதம். கோளாறு இவற்றுக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். பாறணைக்குப் பிறகும் தட்டில் அதே ஒரு பிடிதானா என்று கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் விலக்குண்டு. அதை மௌலவியே வீட்டாரிடம் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள்.