பத்மினியைத் தினமும் ஓட்ட

பிரீமியர் பத்மினி என்ற பழைய காரைச் சென்னையில் அன்றாட வண்டியாக வைத்திருக்க விரும்புவோர் முதலில் சீர்செய்ய வேண்டியது எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பையே. அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எதிர்க்காற்று கிடைக்காததால், ரேடியேட்டரில் படிந்த உப்பை நீக்கி, தளர்ந்த ரப்பர் குழாய்களையும் ஃபேன் பெல்ட்டையும் கோடைக்கு முன்பே மாற்றி, கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவத்தின் அளவை எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் பார்த்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும் என்பதால், எரிபொருள் குழாய்களை அதைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். கடற்காற்றில் துரு விரைவாகப் பிடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்கதவின் சிறிய முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டும் சுகத்துக்கு ஈடில்லை, ஆனால் திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். உதிரிபாகங்களைப் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம். பிரேக் பாகங்களை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.