ஒரே நிறப் பருத்தித் துணியில் நல்ல பக்கத்தைக் கண்டறிவது

பூப்போட்ட துணியில் நல்ல பக்கம் எதுவென்று யாரும் கேட்பதில்லை. துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைப்பவர்கள், அச்சு எதுவுமில்லாத ஒரே நிறத் துணியைக் கையில் எடுக்கும்போதுதான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குழம்புகிறார்கள். பெரும்பாலும் அந்தக் குழப்பத்துக்குத் தேவையே இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் மேலும் கீழுமாக ஒன்று விட்டு ஒன்று மாறிச் செல்லும் சாதா நெசவில் இரு பக்கங்களின் அமைப்பும் ஒன்றே. நெய்து முடித்த துணியை முழுதாகச் சாயத்தில் தோய்த்து எடுப்பதால் நிறமும் இரு பக்கமும் ஒன்றுபோலவே ஏறியிருக்கும்.

ஆயினும் பிசிறு பொசுக்குவது, உருளைகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றுவது போன்ற பிற்பணிகளால் ஒரு பக்கம் சற்றே வழவழப்பாக அமைவதுண்டு. இதைச் சோதிக்கத் துணியின் ஒரு மூலையை மடித்து இரு பக்கங்களையும் அருகருகே வைத்து, பகல் வெளிச்சம் வரும் சன்னலோரத்தில் கண் மட்டத்துக்கு உயர்த்திச் சாய்வாகப் பார்க்க வேண்டும். இரவில் குழல்விளக்கின் கீழ் கருநீலத் துணியொன்றை வெட்டித் தைத்த நான், மறுநாள் காலையில் பன்னிரண்டு கட்டங்களில் மூன்று மட்டும் மங்கிக் கிடப்பதைக் கண்டு, அவற்றைப் பிரித்துத் தைக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட நேர்ந்தது. நான் சாதா நெசவு என்று நம்பி வாங்கியது உண்மையில் சாட்டின் நெசவு. அதில் பளபளப்பான பக்கமே நல்ல பக்கம். ஜீன்ஸ் துணியைப் போன்ற ட்வில் நெசவில் சாய்கோடுகள் தெளிவாகத் தெரியும் பக்கம்.

துணியின் கரையோரம் வரிசையாகத் தெரியும் ஊசித்துளைகளைச் சிலர் அடையாளமாகக் கொள்வர். துணியை அகலவாக்கில் இழுத்துப் பிடித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தின் ஊசிகள் விட்டுச்சென்ற தடம் அது. விரல்நுனியால் தடவினால் ஊசி வெளிவந்த பக்கம் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் துணியை எந்தப் பக்கம் மேலாக வைத்து இயந்திரத்தில் ஏற்றினார்கள் என்பது ஆலைக்கு ஆலை மாறக்கூடும் என்பதால், அது நல்ல பக்கத்துக்குச் சான்றாகாது. ஒரே துணியிலிருந்து வெட்டும் எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள மட்டும் அது உதவும். அதுவும் கரையை வெட்டி எறியும்வரைதான். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஒரு பக்கத்தை உட்பக்கம் என்று நீங்களே முடிவு செய்து, ஒவ்வொரு துண்டிலும் தையலுக்கு விடும் கால் அங்குலத்துக்குள் சாக்கட்டியால் சிறு கோடு இழுத்துவிடுங்கள்.

பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த, மயில்கழுத்துப் பட்டுச்சேலை போல மின்னும் பருத்தித் துணிகளில் கவனிக்க வேண்டியது பக்கத்தையன்று, திசையை. துணியைப் புரட்டினால் நிறம் மாறாது. கால் வட்டம் சுழற்றினால் மாறிவிடும். அத்தகைய துணியில் கரைக்கு இணையான திசையைக் காட்டும் அம்புக்குறியையும் சேர்த்துப் போடுவது நல்லது.

இரு பக்கமும் ஒன்றாயிருக்கும் சாதா நெசவால் ஒரு நன்மையும் உண்டு. இணைகர வடிவத் துண்டுகளை மடித்த துணியில் வெட்டினால், பாதித் துண்டுகள் வலமாகவும் பாதி இடமாகவும் சாய்ந்து வரும். வடிவமைப்புக்கு ஒரே சாய்வு மட்டும் தேவையென்றால், ஒரே நிறத் துணியில் எதிர்ச்சாய்வுத் துண்டுகளைப் புரட்டிப்போட்டுத் தைத்துவிடலாம். அச்சுத்துணியில் அவை துண்டுத்துணிப் பெட்டிக்குத்தான் போகும்.