வடசென்னையில் பவுலிங் லீக்: தன்னார்வலர்கள் சறுக்கும் இடங்கள்

கேரம் வளர்ந்த வழியிலேயே பவுலிங்கையும் (பந்தை உருட்டி, பின் எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) வளர்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வியாசர்பாடி இளவழகி, புதுவண்ணாரப்பேட்டை காசிமா என்று கேரமில் உலகப் பட்டம் வென்றவர்களின் பகுதி இது. ஒரு போர்டும் மன்றத்தில் ஒரு மூலையும் கிடைத்தால் கேரம் நடக்கும். பவுலிங்குக்கோ, ஆடுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரைக்குமே 60 அடி லேன் (பந்து உருளும் தளம்) வேண்டும்; அதுவும் அடுத்தவர் மாலில் இருக்கும். அதனால் ஆள் சேர்க்கும் முன்பே லேன் நேரத்தைப் பேசி முடியுங்கள்.

ஒருவர் ஒரு ஆட்டம் முடிக்கச் சுமார் 10 நிமிடம் ஆகும். மூவர் கொண்ட இரண்டு அணிகள் இரண்டு லேன்களில் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஆட ஒன்றரை மணி நேரம். ஐவர் அணி என்றால் இரண்டரை. இந்தக் கணக்கைப் போடாமல் நான்கு லேனுக்கு எட்டு அணிகளைச் சேர்த்துவிட்டால், பாதிப் பேர் நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள். சனி, ஞாயிறு மாலையைக் கேட்காதீர்கள். மாலுக்கு அது வசூல் நேரம். பிறந்தநாள் கூட்டம் ஒன்று வந்தால் லீக்தான் தள்ளிப்போகும். வாரநாளில் ஒரு மாலையைப் பருவம் முழுவதற்கும் எழுத்தில் வாங்குங்கள். எட்டு அணிகளும் வாராவாரம் ஆட லேன் கிடைத்தால், ஒருமுறை மோதி முடிக்க ஏழு வாரம் போதும்.

துறைமுகத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மூவர் அணிக்கு நான்கு பேரைப் பதிவு செய்யுங்கள். அப்படியும் ஆள் குறைந்தால் வராதவரின் ஆவரேஜில் (ஓர் ஆட்டத்துக்கு அவர் எடுக்கும் சராசரி பின்) 10 கழித்து அணியின் ஸ்கோரில் சேர்ப்பது பல லீக்குகளில் உள்ள வழக்கம். எந்த விதியானாலும் முதல் வாரத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நடுவில் போடும் விதி, யாருக்குச் சாதகமோ அவருக்காகவே போட்டதாகத்தான் பேசப்படும்.

அதிகம் சண்டை வருவது ஹேண்டிகேப்பில், அதாவது ஆவரேஜ் குறைந்தவருக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடுதலாகச் சேர்க்கும் பின்களில். ஹேண்டிகேப் இல்லாமல் நடத்தினால் இரண்டு நல்ல ஆட்டக்காரர் உள்ள அணியே வாராவாரம் ஜெயிக்கும், மற்றவர்கள் மூன்றாம் வாரமே நின்றுவிடுவார்கள். 200-லிருந்து ஆவரேஜைக் கழித்து, மீதியில் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 9 ஆட்டத்தில் 1,265 பின் எடுத்தவரின் ஆவரேஜ் 140, பின்னத்தை விட்டுவிட வேண்டும். மீதி 60, ஹேண்டிகேப் 48. 185 ஆவரேஜ்காரருக்கு 12 தான் கிடைக்கும். வேண்டுமென்றே மோசமாக ஆடி ஆவரேஜைக் குறைத்துவைப்பவர்கள் எல்லா லீக்கிலும் இருப்பார்கள். 12 ஆட்டம் முடிக்காதவருக்கு ஹேண்டிகேப் போட்டிப் பரிசு கிடையாது என்று எழுதிவிட்டால் பாதித் தந்திரம் அடங்கும். திரையில் வரும் ஸ்கோரை மட்டும் நம்பாதீர்கள். பின் விழுந்ததை இயந்திரம் தவறாக எண்ணுவதுண்டு, அடுத்த ஆள் வந்ததும் திரை அழிந்தும் போகும். ஆட்டம் முடிந்ததும் படம் எடுத்து, இரு கேப்டன்களும் தாளில் கையெழுத்திடட்டும்.

கேரம் பழக்கத்தில் கைக்கும் காலணிக்கும் பவுடர் போடுபவர்களை உடனே தடுங்கள். ஓடிவரும் தளத்தில் பவுடர் சிந்தினால் அடுத்தவர் கால் வழுக்கும். ஈரக் காலணி இதற்கு நேர்மாறு: சறுக்க வேண்டிய கால் ஒட்டிக்கொண்டு ஆள் முன்னால் விழுவார். மழைக்காலத்தில் உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

லேன் கட்டணத்தையும் பரிசுத் தொகையையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். வாராவாரம் வசூல், செலவு, இருப்பு மூன்றையும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பணம் எடுக்க இருவர் ஒப்புதல் வேண்டும், அந்த இருவரும் ஒரே அணியில் இருக்கக் கூடாது.