சிங்கப்பூர் – லண்டன்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பான விடைதான் கிடைக்கும். உருண்டையைத் தட்டையாக விரித்த படம் அது. நமக்குத் தேவை உருண்டையின் மேல் போகும் மிகக் குறுகிய வளைவு. சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று போதும்.

முதலில் கால்குலேட்டரில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் அது ரேடியனில் (கோணத்தை அளக்கும் வேறொரு அலகில்) இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அடுத்து, விமான நிலையங்களின் இருப்பிடம், டிகிரியில்:

சாங்கி (சிங்கப்பூர்): வடக்கு 1.36, கிழக்கு 103.99
ஹீத்ரோ (லண்டன்): வடக்கு 51.47, மேற்கு 0.45

மேற்கு என்றால் மைனஸ். ஆகவே தீர்க்கரேகை (கிழக்கு–மேற்கு) வித்தியாசம் 103.99 + 0.45 = 104.44. குறியை மறந்தால் இங்கே 60 கி.மீ. போலத்தான் பிசகும்; நியூயார்க்குக்கு இதே தவறைச் செய்தால் விடை ஆயிரக்கணக்கான கி.மீ. பிசகிவிடும்.

இப்போது கணக்கு. இரண்டு அட்சரேகைகளின் (1.36, 51.47) சைனையும் பெருக்கினால் 0.0186. அவற்றின் காஸ் இரண்டையும், 104.44-இன் காஸையும் பெருக்கினால் −0.1553. கூட்டினால் −0.1367. இதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 97.86 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. வீதம், ஏறத்தாழ 10,881 கி.மீ.

அந்த வளைவில் விமானம் அப்படியே போகாது. அந்த வளைவு வட உக்ரைன் மேலாகச் செல்கிறது. 2022 பிப்ரவரியிலிருந்து அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. தெற்கே சுற்றித்தான் போக வேண்டும். 5 சதவீதம் கூட்டி 11,425 கி.மீ. என்று வையுங்கள்.

நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும். ஆனால் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று: சராசரியாக 40 கழித்து 860-ஆல் வகுத்தால் 13 மணி 17 நிமிடம். திரும்பும்போது 940-ஆல் வகுங்கள்: 12 மணி 9 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் சேர்த்தால் போக 14 மணி, வர 13 மணிக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய இதுவே. காற்று தினமும் மாறுவதால் அரை மணி முன்பின் ஆகலாம்.

டிக்கெட் நேரத்தை அப்படியே கழிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இரவு 11:30-க்குச் சிங்கப்பூரில் கிளம்பி மறுநாள் காலை 5:30-க்கு லண்டன் என்றால் 6 மணி நேரப் பயணம் அல்ல. குளிர்காலத்தில் சிங்கப்பூர் நேரம் லண்டனைவிட 8 மணி முன்னே; எனவே 8 கூட்டி 14. திரும்பும் பயணத்தில் அதே 8-ஐக் கழிக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். அந்த மாதங்களில் 8-க்குப் பதில் 7.