காடை முட்டையோ குஞ்சோ பார்சல்ல வாங்கப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

பக்கத்துல நல்ல பண்ணை இல்லாதவங்களுக்கு காடையைப் பார்சல்ல வரவழைக்கிறதுதான் வழி. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது முட்டையா குஞ்சாங்கிறதுதான், என்னைக் கேட்டா கண்ணை மூடிட்டு முட்டைன்னு சொல்லுவேன்.

கோழிக்குஞ்சு பொரிக்கிறதுக்கு முன்னாடி மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கும், அதை வச்சே ரெண்டு மூணு நாள் தீனி தண்ணி இல்லாம தாங்கும், அதனாலதான் கோழியை ஒருநாள் குஞ்சா பெட்டியில அடைச்சு அனுப்ப முடியுது. ஜப்பானியக் காடைக்குஞ்சு பொரிக்கும்போது எடையே 7, 8 கிராம்தான். அந்த உடம்புல சூடு நிக்காது, மஞ்சக்கரு இருப்பும் சீக்கிரம் தீர்ந்துடும், பார்சல் லேட்டானா நிறைய செத்துப்போய் வரும், அதைப் பாக்குறது ரொம்பக் கொடுமை. உயிரோடதான் வேணும்னா 3, 4 வாரம் ஆன, இறகு முளைச்ச குஞ்சாக் கேளுங்க. அந்த வயசுல சாதா பழுப்பு நிறக் காடைன்னா ஆண் பெண்ணும் தெரிஞ்சுடும், நெஞ்சு வெறும் செம்பழுப்பா இருந்தா ஆண், கறுப்புப் புள்ளி இருந்தா பெண். அப்புறம் அந்தப் பார்சல் சர்வீஸ் உயிருள்ள பறவையை எடுக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, எல்லாரும் எடுக்க மாட்டாங்க.

இப்ப முட்டைக்கு வருவோம். விக்கிறவர் போடுற போட்டோவைப் பாத்து மயங்காதீங்க, கேள்வி கேளுங்க. முட்டை என்னைக்கு இட்டது? இட்டு 7 நாளுக்குள்ள இன்குபேட்டர்ல (முட்டையைச் சூடா வச்சுப் பொரிக்க வைக்கிற பெட்டி) ஏறிடணும், அதுக்கு மேல போகப் போக பொரிக்கிறது குறையும், அதனால அனுப்புற அன்னைக்கே 5 நாள் பழசுன்னா வேண்டாம்னுடுங்க. எங்க வச்சிருந்தீங்க? 13லிருந்து 18 டிகிரி செல்சியஸ்ல இருந்தா நல்லது, 21 டிகிரி தாண்டினா கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு செத்துடும், கொளுத்துற வெயில்ல முட்டை வரவழைக்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான். ஒரு ஆணுக்கு எத்தனை பெண் விட்டிருக்கீங்க? 2லிருந்து 4 வரைக்கும்னா ஓகே. கடைசியா, ஒரே குடும்பத்துக்குள்ளயே சேர்த்த கூட்டமா, வெளியில இருந்து ஆண் கொண்டு வந்தாங்களான்னு கேளுங்க, நெருங்கின ரத்தத்துல காடை ரொம்ப சீக்கிரம் பலவீனமாகிடும். நேர்மையா வளர்க்கிறவர் இதுக்கெல்லாம் சலிச்சுக்க மாட்டார்.

பேக்கிங்ல ஒவ்வொரு முட்டையும் தனித்தனியா சுத்தி, கூர்முனை கீழ இருக்குற மாதிரி, பெட்டியைக் குலுக்கினா உள்ள எதுவும் ஆடாத மாதிரி இருக்கணும். வாரத் தொடக்கத்துல அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா லீவு நாள்ல குடோன்ல கிடக்கும். முடிஞ்சா நீங்களே ஆபீசுக்குப் போய் வாங்கிட்டு வந்துடுங்க.

எத்தனை முட்டை வாங்கணும்? பயணம் பண்ணி வந்த முட்டையில பாதி பொரிச்சாலே நல்ல ரிசல்ட். பொரிச்சதுல பாதி ஆண் போயிடும். 10 பெண் காடை வேணும்னா 20 குஞ்சு, 20 குஞ்சுக்கு 40 முட்டை. பொரிக்கும்னு யாரும் கேரண்டி தர மாட்டாங்க, உடையாம வரும்ங்கிறதுக்கு மட்டும் பேசி வச்சுக்கோங்க.

பார்சல் வந்ததும் பிரிக்கும்போதே போட்டோ எடுத்துடுங்க. முட்டையைக் கழுவாதீங்க, ஓட்டு மேல இருக்குற பாதுகாப்புப் படலம் போயிடும். அப்புறம் இருட்டு ரூம்ல நல்ல பவர் டார்ச்சை அகலமான முனையில வச்சுப் பாருங்க, ஓட்டுல புள்ளி நிறைய இருக்குறதால சாதா டார்ச்சுக்கு ஒண்ணும் தெரியாது. மயிரிழை விரிசல் இருந்தா ஒதுக்கிடுங்க. முட்டையைச் சாய்க்கும்போது காற்றறையும் (அகலமான முனையில உள்ள காத்து இடம்) சேர்ந்து நகர்ந்தா வழியில ரொம்ப அடிபட்டிருக்குன்னு அர்த்தம், அதைத் தூக்கிப் போட வேண்டாம். எல்லா முட்டையையும் கூர்முனை கீழ வச்சு 12லிருந்து 24 மணி நேரம் ரூம்லயே ஓய்வா விடுங்க. ஆசையில வந்த உடனே அடைக்கு வைக்கிறதுதான் நிறைய பேர் பண்றது, தயவுசெஞ்சு பொறுங்க. காற்றறை ஆடுற முட்டையை மட்டும் இன்குபேட்டர்லயும் முதல் 2, 3 நாள் திருப்பாம நிமிர்த்தியே வச்சிருங்க.

இன்குபேட்டரை முந்தின நாளே ஓட விட்டு சூடு நிலையா நிக்குதான்னு பாருங்க. ஃபேன் உள்ளதுன்னா 37.5 டிகிரி, ஈரப்பதம் 45லிருந்து 50 சதவீதம், ஒரு நாளைக்குக் குறைஞ்சது 3 தடவை திருப்பணும். 15ஆம் நாள் திருப்புறதை நிறுத்திட்டு ஈரப்பதத்தை 65, 70க்கு ஏத்துங்க, அதுக்கப்புறம் மூடியைத் திறக்காதீங்க. ஜப்பானியக் காடை 17, 18ஆம் நாள் பொரிக்கும். பாப்வைட்ங்கிற வேற இனக் காடைன்னா 23 நாள் ஆகும், அதனால எந்த இனம்னு கேட்டு வாங்குங்க.

குஞ்சு உலர்ந்ததும் 35லிருந்து 37 டிகிரி சூடுள்ள புரூடருக்கு (குஞ்சைச் சூடா வச்சு வளர்க்கிற பெட்டி) மாத்துங்க, வாரம் 3 டிகிரி குறைச்சுக்கலாம். தண்ணித் தட்டுல கூழாங்கல் போட்டே ஆகணும், இத்தனூண்டு தண்ணியிலயே மூழ்கிச் சாகும். கீழ நியூஸ்பேப்பர் வேண்டாம், வழுக்கி கால் விரிஞ்சிடும், சொரசொரப்பான துணி விரிங்க. தீனி 24 சதவீதத்துக்கு மேல புரோட்டீன் உள்ளதா வாங்கி மாவு மாதிரி பொடிச்சுப் போடுங்க. வளர்ந்த பறவையா வாங்கினவங்க ஏற்கனவே இருக்குற கூட்டத்தோட உடனே சேர்க்காம 3, 4 வாரம் தனியா வைங்க.

20ஆம் நாளும் பொரிக்காத முட்டையைத் தூக்கி எறியாம உடைச்சுப் பாருங்க. கருவே இல்லாம தெளிவா இருந்தா, கரு கூடாத முட்டை, இல்லன்னா ரொம்ப ஆரம்பத்துலயே நின்னது. ரத்த வளையம் மட்டும் இருந்தா முதல் சில நாள்லயே செத்திருக்கு, பெரும்பாலும் பயணத்துலயோ பழைய முட்டையினாலயோ. முழுசா வளர்ந்து உள்ளயே செத்திருந்தா உங்க சூட்டையும் ஈரப்பதத்தையும் செக் பண்ணுங்க. இந்தக் கணக்கை விக்கிறவருக்கும் அனுப்பிடுங்க, தெளிவான முட்டை நிறைய இருந்தா ஆண் காடையை மாத்தணும்னு அவருக்கும் தெரியும்ல.